கல்வித் தத்துவம் படிக்கலாமா? எம்.எட். முடித்த ஓர் ஆசிரியரின் கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். பி.எட்.டிலும் எம்.எட்.டிலும் கல்வித் தத்துவம் என்று படித்ததெல்லாம் இலட்சியவாதம் (கருத்துகளே அடிப்படை), இயற்கைவாதம் (இயற்கையே வழிகாட்டி), பயனளவைவாதம் (நடைமுறைப் பயனே அளவுகோல்) என்ற பட்டியல்தான், பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இதையே எடுத்தாலும் அதே பட்டியல்தானா என்பது ஒன்று. தத்துவத்தில் பட்டம் இல்லாத பள்ளி ஆசிரியரால் இது முடியுமா என்பது இரண்டு. படித்து என்ன வேலை கிடைக்கும் என்பது மூன்று. முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், அது தெளிவானால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும். நானும் உங்களைப் போலப் பள்ளியில் கணக்கு நடத்தியவன்தான். அப்புறம் எம்.எட்., அதற்கப்புறம் ஆய்வு, இப்போது சில வருடங்களாக ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு இந்தத் தாளை நடத்துகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1942-லும் 1955-லும் அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கம் ஒன்று வெளியிட்ட ஆண்டு மலர்களில் ஒவ்வொரு 'வாத'த்துக்கும் ஓர் அத்தியாயம், அந்த வாதத்திலிருந்து கல்வியின் நோக்கம் என்ன, முறை என்ன, ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்ற வரிசை இருந்தது. அந்த அச்சுதான் நம் பயிற்சிக் கல்லூரிப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் கல்வியியல் பாடத்திட்டத்திலும் முதல் அலகில் சாங்கியம், யோகம், வேதாந்தம், பௌத்தம், சமணம் ஒரு பக்கமும் இலட்சியவாதம், மார்க்சியம், இருத்தலியல் போன்றவை மறுபக்கமும் நிற்கின்றன. தேர்வுக்கு அதைப் படித்துத்தான் ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் அது எதை மறைக்கிறது என்று பாருங்கள். காந்தியின் கல்விக் கொள்கை 'நோக்கத்தில் இலட்சியவாதம், சூழலில் இயற்கைவாதம், முறையில் பயனளவைவாதம்' என்று எழுதியிருப்பீர்கள், நானும் எழுதியிருக்கிறேன், ஐந்து மதிப்பெண் நிச்சயம். 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தி சொன்னது இந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறது? ஏழு வருடம் தாய்மொழியில் கட்டாயக் கல்வி, அதன் நடுவில் ஒரு கைத்தொழில், அந்தத் தொழிலில் குழந்தைகள் செய்யும் பொருளை விற்று நாளடைவில் ஆசிரியரின் சம்பளம் வர வேண்டும் என்பதுதான் அங்கே பேசப்பட்டது. குழந்தையின் உழைப்பில் பள்ளிச் செலவு ஓடலாமா? நூல் நூற்பது குழந்தைக்குப் பாடமாக இருப்பதற்கும் வேலையாக இருப்பதற்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது? வருமானக் கணக்கு முன்னுக்கு வந்து கல்வி பின்னுக்குப் போய்விடக்கூடும் என்று திட்டத்தை வரைந்த சாகிர் உசேன் குழுவே தன் அறிக்கையில் எச்சரித்தது. இவைதான் தத்துவக் கேள்விகள். மூன்று வாதங்களின் பெயரைச் சொன்னவுடன் இந்தக் கேள்விகள் எல்லாம் முடிந்துபோன மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு இந்தப் பட்டியல் மேல் இருக்கும் வருத்தமே அதுதான்.

சரி, அப்படியென்றால் உண்மையில் என்ன செய்வார்கள்? என் அனுபவத்தில், நாம் பள்ளியில் தினமும் யோசிக்காமல் பயன்படுத்தும் சொற்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றால் நாம் என்ன சொல்லவருகிறோம், சொல்வதற்கு என்ன நியாயம் வைத்திருக்கிறோம் என்று விடாமல் கேட்பதுதான் முக்கால்வாசி வேலை. மற்ற கால்வாசி, அதே கேள்விகளை நமக்கு முன்னால் கேட்டவர்களைப் பொறுமையாகப் படிப்பது.

ஓர் உதாரணம், 'தெரியும்' என்ற சொல். கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1949-ல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார், இன்னது இன்னபடி இருக்கிறது என்று அறிவது வேறு, ஒன்றை எப்படிச் செய்வது என்று அறிவது வேறு, இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிட முடியாது என்று. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வாக்கிய அமைப்பு இருப்பதால் படித்தவுடன் எளிதாகத் தோன்றும். தமிழில் நாம் 'இந்தியாவின் தலைநகரம் புதுடெல்லி என்று தெரியும்' என்கிறோம், 'நீச்சல் தெரியும்' என்கிறோம், 'அவரைத் தெரியும்' என்கிறோம், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால் தமிழில் யோசிக்கிற மாணவருக்கு ரைல் சொன்ன வேறுபாடு தானாகக் கண்ணில் படாது, ஆனால் பட்டவுடன் அதன் ஆழம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரியும். 'பின்னக் கூட்டல் தெரியுமா?' என்று கேட்கிறோம், பையன் விதியை ஒப்பிக்கிறான், 'தெரியும்' என்று குறித்துக்கொள்கிறோம். நீச்சல் விதிகளை ஒப்பித்தவனைக் கிணற்றில் இறக்குவோமா?

உங்கள் பாடத்திட்ட நோட்டை எடுத்துப் பாருங்கள், பி.எட்.டில் நாற்பது பாடத்துக்கு மேல் எழுதியிருப்பீர்கள், இடதுபக்கக் கட்டத்தில் 'அறிதல், புரிந்துகொள்ளல், பயன்படுத்துதல், திறன்' என்று இருக்கும். 1956-ல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் புளூமும் அவருடைய குழுவினரும் கல்வி நோக்கங்களுக்குச் செய்த வகைப்பாட்டின் பேரப்பிள்ளை அது. 'புரிந்துகொள்ளல்' என்பதற்கு எதிரே 'மாணவர் வேறுபடுத்திக் காட்டுவர், எடுத்துக்காட்டு தருவர்' என்று எழுதியிருப்பீர்கள். எடுத்துக்காட்டு தருவது புரிந்ததற்கு அடையாளமா, அல்லது அதுவேதான் புரிதலா? புத்தகத்தில் இருக்கும் எடுத்துக்காட்டையே திருப்பிச் சொன்னால்? இந்த ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க நல்ல வகுப்பு நடத்தலாம், நடத்தியிருக்கிறேன்.

இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஆசிரியர் அறையில் எத்தனை வினைச்சொல் புழங்குகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்: பாடம் எடுத்தேன், பாடம் நடத்தினேன், சொல்லிக்கொடுத்தேன், கற்றுக்கொடுத்தேன், போர்ஷன் முடித்தாச்சு. கடைசிச் சொல்லுக்கு மாணவனே தேவையில்லை, காலி வகுப்பிலும் போர்ஷன் முடிக்கலாம். 'பாடம் நடத்தினேன்' என்றால் எதிரில் பிள்ளைகள் இருந்தார்கள் என்று மட்டும் தெரிகிறது. 'கற்றுக்கொடுத்தேன்' என்றால்? அதில் 'கற்று' இருக்கிறது, அவன் கற்றிருக்க வேண்டாமா? 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று சொல்லலாம், 'கண்டுபிடித்தேன், கிடைக்கவில்லை' என்று சொல்ல முடியாது. 'வைத்தியம் பார்த்தார், குணமாகவில்லை' சரி, 'குணப்படுத்தினார், குணமாகவில்லை' தப்பு. கற்பிப்பது இதில் எந்தப் பக்கம்? அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1910-ல் எழுதிய ஒரு புத்தகத்தில், யாரும் வாங்காதபோது விற்றுவிட்டேன் என்று சொல்வது போலத்தான் யாரும் கற்காதபோது கற்பித்துவிட்டேன் என்று சொல்வதும் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் தேர்ச்சி விழுக்காடு குறைந்த ஒவ்வோர் ஆசிரியரும் கற்பிக்கவே இல்லை என்றாகிவிடும், காலைச் சாப்பாடு இல்லாமல் வந்து மயங்கிச் சாய்ந்த பிள்ளைக்கும் சேர்த்து அவர்தான் பொறுப்பு என்றாகிவிடும். அது நியாயமா?

இங்கே இஸ்ரேல் ஷெஃப்லர் உதவிக்கு வருகிறார். ஹார்வர்டில் இருந்த தத்துவவாதி, 1960-ல் கல்வியின் மொழியைப் பற்றியே ஒரு சிறிய புத்தகம் எழுதினார். கற்பிப்பது ஒரு முயற்சி, முயற்சி தோற்கலாம், ஆனால் எல்லா முயற்சியும் கற்பித்தல் ஆகிவிடாது என்கிறார். 'ஏன்?' என்று மாணவன் கேட்டால் அந்தக் கேள்விக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், அவனுடைய சொந்தத் தீர்ப்புக்கு மரியாதை இருக்க வேண்டும், அப்போதுதான் அது கற்பித்தல். பயமுறுத்தி நம்ப வைத்தால் அவன் மனதில் அந்த விஷயம் ஏறியிருக்கலாம், ஆனால் அது கற்பித்தல் இல்லை. முதன்முதலாக இதைப் படித்தபோது, நான் வகுப்பில் 'ஃபார்முலா அப்படித்தான், எழுதிக்கோ' என்று சொன்ன நாட்களெல்லாம் நினைவுக்கு வந்து அன்று முழுக்க மனது சரியில்லாமல் இருந்தது.

பழைய நூல்களைப் படிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பிளேட்டோவை 'இலட்சியவாதத்தின் தந்தை' என்று ஒரு வரியில் கடந்துவிட்டோம். அவர் எழுதிய 'மேனோ' என்ற உரையாடல் நூலில் ஒரு பகுதி உண்டு. சாக்ரடீஸ் மேனோவின் வீட்டு அடிமைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, தரையில் இரண்டடிச் சதுரம் வரைகிறார், பரப்பு நான்கு. இதைப் போல இரண்டு மடங்கு, அதாவது எட்டு, பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? பையன் தயங்காமல் 'நான்கு அடி' என்கிறான். வரைந்து பார்த்தால் பதினாறு. அப்போ மூன்று என்கிறான். ஒன்பது. அதற்கப்புறம் 'எனக்குத் தெரியவில்லை' என்கிறான். அங்கே சாக்ரடீஸ் மேனோவிடம் திரும்பி, பையன் முன்பு இருந்ததைவிட இப்போது நல்ல நிலையில் இருக்கிறான், இல்லையா என்று கேட்கிறார். தெரியாது என்று தெரிந்துகொண்டது ஒரு முன்னேற்றம் என்பது அவர் வாதம். பிறகு மூலைவிட்டம் வரைகிறார், அதன் மேல் எழும் சதுரம் எட்டு. நான் கற்பிக்கவே இல்லை, கேள்விதான் கேட்டேன், அவன் ஆன்மாவில் ஏற்கெனவே இருந்ததை நினைவுகூர்ந்தான் என்கிறார் சாக்ரடீஸ்.

இதை நான் ஏழாம் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு. 'நாலு' என்று வகுப்பே கத்தியது, இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகியும் அதே தப்பு. 'மூணு' என்று ஒரு பெண் சொன்னாள், குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு ஒன்பது கட்டம் எண்ணிவிட்டு நிமிர்ந்தவள், 'சார், எட்டு வரவே வராது' என்றாள். அந்த 'வரவே வராது' பிளேட்டோவின் பையன் சொன்ன 'தெரியவில்லை'யைவிட வலுவானது. முழு எண்களுக்குள் வராது என்று அவள் உணர்ந்துவிட்டாள், அது சரியான கணிதம். அதன் பிறகு மூலைவிட்டத்தை நான்தான் போட்டேன். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, சாக்ரடீஸும் மூலைவிட்டத்தை அவரேதானே போட்டார்? பையனிடமிருந்து கடைசியில் வந்ததெல்லாம் பெரும்பாலும் 'ஆமாம்' தானே? அப்படியானால் கற்பிக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறார்?

இந்தச் சந்தேகத்தோடு அரவிந்தரிடம் போனால், உண்மையான கற்பித்தலின் முதல் விதி எதையும் கற்பிக்க முடியாது என்பதே என்று அவர் எழுதியிருக்கிறார், ஆசிரியர் துணைவர், வழிகாட்டி. இது சாக்ரடீஸ் சொன்னதேதானா, வேறா? பாடப்புத்தகத்தில் இருவரும் 'இலட்சியவாதி' என்ற ஒரே பெட்டியில் இருப்பார்கள், அதனால் கேள்வி எழாது. பவணந்தியிடம் போங்கள். 13-ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று உவமை சொல்கிறது, ஆசிரியர் ஆகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழங்குகளைப் போட்டு வைத்த குடம், கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராமல் கலைந்து கொட்டும். குண்டிகைக்குள் அடைத்த பருத்தி, உள்ளே போகவும் கஷ்டம், வெளியே எடுக்கவும் கஷ்டம். மாணாக்கரில் கடையானவர் ஓட்டைக்குடம். கவனியுங்கள், குடம், குண்டிகை இரண்டிலும் அறிவு என்பது உள்ளே போட்டு வெளியே எடுக்கும் பொருள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயர் 1960-களின் கடைசியில் 'வங்கியில் பணம் போடுவது போன்ற கல்வி' என்று கண்டித்ததும் கிட்டத்தட்ட இதே உருவகத்தைத்தான். அதே பாயிரத்தில் நிலமும் மலரும் வேறு மாதிரி வேலை செய்கின்றன, நிலம் உழுகிறவனின் உழைப்புக்குத் தகுந்தபடிதான் கொடுக்கும். இந்த உவமைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் அறிவைப் பற்றி என்ன முன்முடிவு வைத்திருக்கிறது என்று ஒருவர் எழுதினால் அருமையான ஆய்வு வரும்.

துறையின் வரலாற்றில் ஓர் இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல்கலைக்கழகத் துறையாக இது இன்றைய வடிவத்துக்கு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு. 1962-ல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஆர்.எஸ். பீட்டர்ஸ் லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனத்தில் கல்வித் தத்துவப் பேராசிரியர் ஆனார். பால் ஹர்ஸ்டும் அவரும் சேர்ந்து, வாதங்களின் பட்டியலை ஒதுக்கிவிட்டு, 'கல்வி', 'கற்பித்தல்', 'அறிவு', 'அதிகாரம்' என்ற கருத்துகளைப் பகுத்துப் பார்ப்பதுதான் வேலை என்று ஆக்கினார்கள். ஒருவரைக் 'கல்வி பெற்றவர்' என்றால் மதிக்கத்தக்க ஒன்று அவரிடம் சேர்ந்திருக்க வேண்டும், புரிதல் இருக்க வேண்டும், சேர்த்த வழியும் ஒழுக்கத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்று பீட்டர்ஸ் வாதிட்டார். அவருடைய 1963 தொடக்க உரையின் மையச் சொல்லைத் தமிழில் சொன்னால் 'தீட்சை'. குழந்தை நாகரிகக் கோட்டையின் வாசலுக்கு வெளியே நிற்கிற அந்நியன், உள்ளே அழைத்துப் போவதே கல்வி.

தமிழில் 'தீட்சை' என்று சொன்ன மாத்திரத்தில் நமக்கு அடுத்த கேள்வி வந்துவிடும், யாருக்குத் தீட்சை, யாருக்கு இல்லை, வாசலில் நிற்பது யார் என்று. இந்தக் கேள்வியை அங்கேயும் கேட்டார்கள். 1981-ல் அமெரிக்கத் தத்துவவாதி ஜேன் ரோலண்ட் மார்ட்டின், பீட்டர்ஸ் வரைந்த 'கல்வி பெற்ற மனிதர்' உருவத்தில் குழந்தை வளர்ப்பது, பராமரிப்பது போன்ற, பெண்களோடு சேர்த்தே பார்க்கப்பட்ட எதற்கும் இடமில்லை, அது ஆணுக்கான அளவெடுப்பு என்று காட்டினார். இன்னோர் அமெரிக்கத் தத்துவவாதி நெல் நாடிங்ஸ் பராமரிப்பையே கல்வியின் நடுவில் வைத்தார். நம் பக்கத்துக் கேள்வியை அம்பேத்கரை வைத்துக் கேட்க வேண்டும். அவர் 1913-லிருந்து 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது டூயியிடம் பாடம் கேட்டவர். 1936-ல் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது, ஜனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டுமல்ல, சேர்ந்து வாழும் முறை, பகிர்ந்துகொள்ளும் அனுபவம் என்ற டூயியின் கருத்தை எடுத்து இந்திய சமூகத்தின் மேல் வைத்துக் காட்டினார். டூயியை 'பயனளவைவாதி, செய்து கற்றல்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு, அவர் மாணவர் அம்பேத்கரைத் தனியாக 'சமூக சீர்திருத்தவாதி' என்று வேறு அலகில் வைக்கிற பாடத்திட்டம் நமக்கு எவ்வளவு பெரிய இழப்பைச் செய்திருக்கிறது என்று யோசியுங்கள்.

'இதெல்லாம் சொல்லாராய்ச்சி, பள்ளிக்கு என்ன உபயோகம்?' என்று உங்கள் தலைமை ஆசிரியர் கேட்பார். ஆல் பாஸ் விவாதத்தை எடுத்துச் சொல்லுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு எட்டாம் வகுப்பு முடியும் வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு வழி திறந்தது. தமிழ்நாட்டில் அந்த இரு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அந்த மாதங்களில் ஆசிரியர் அறைகளில் நடந்த சண்டையில் இரண்டு வகைக் கேள்வி கலந்து கிடந்தது. நிறுத்தினால் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்களா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி, அதற்குப் புள்ளிவிவரம் வேண்டும். நிறுத்துவது உதவியா, தண்டனையா, பத்து வயதுப் பிள்ளை ஓர் ஆண்டில் கற்காததற்கு யார் பொறுப்பு, மற்றப் பிள்ளைகளின் முயற்சிக்கு அது அநீதியா, 'தேர்ச்சி' என்பது தகுதிச் சான்றா வயதுக்குரிய உரிமையா என்பதெல்லாம் எத்தனை ஆயிரம் பேரிடம் படிவம் கொடுத்தாலும் தீராது. அவற்றுக்குக் காரணம் சொல்லி வாதிட்டுத்தான் ஆக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் கொடுத்தாலே விவாதம் பாதி தெளியும்.

இங்கேதான் உங்களுக்கு வரப்போகும் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. நம் கல்வியியல் துறைகளில் முனைவர் பட்டம் என்றால் பெரும்பாலும் 'மேல்நிலை மாணவர்களின் இன்னதன் மனப்பான்மைக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு' என்ற அமைப்பு, முந்நூறு மாதிரிகள் (ஆய்வுக்கு எடுத்த ஆட்கள்), ஒரு கருவி (வினாப்படிவம்), கருதுகோள், டி-சோதனை (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் கணக்கு). என் ஆய்வுத் திட்டத்தை முதன்முறை சமர்ப்பித்தபோது கூட்டத்தில் வந்த முதல் கேள்வி, 'மாதிரி எத்தனை பேர்?' என்பது. 'மாதிரி கிடையாது ஐயா, கருத்துப் பகுப்பாய்வு' என்றேன். 'அப்போ முடிவுகள் எங்கிருந்து வரும்?' என்றார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் பயின்றது அப்படி. ஆனாலும் அந்த ஒரு கேள்வியால் எனக்கு ஒன்றரை வருடம் போனது, கடைசியில் ஐம்பது ஆசிரியர்களிடம் நேர்காணல் என்று ஓர் அத்தியாயம் சேர்த்த பிறகுதான் ஒப்புதல் கிடைத்தது. அந்த அத்தியாயம் ஆய்வேட்டில் ஒட்டாமலே நிற்கிறது, இன்றும் அதைத் திறந்தால் வருத்தமாக இருக்கும். அதனால் சொல்கிறேன், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், மாதிரி இல்லாத ஆய்வேட்டை வழிநடத்திய, அல்லது வழிநடத்தத் தயாராக இருக்கிற நெறியாளர் இருக்கிறாரா என்று பார்த்துச் சேருங்கள். சேரும் முன் நேரில் போய், அவர் மாணவர்களின் ஆய்வேடுகளில் இரண்டை நூலகத்தில் உட்கார்ந்து புரட்டுங்கள். அரை நாள் வேலைதான்.

எங்கே என்று கேட்டால், இந்தியாவில் இதைப் பாடமாகவே ஆழமாக எடுக்கிற இடங்களில் பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், 1947-ல் தொடங்கிய டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மத்தியக் கல்வி நிறுவனம், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சாகிர் உசேன் மையம் ஆகியவற்றைப் பாருங்கள். வெளிநாடு முடியுமானால் லண்டனில் பீட்டர்ஸ் இருந்த அதே நிறுவனம் இப்போது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் (யு.சி.எல்.) பகுதி, நியூயார்க்கில் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரி. செலவு அதிகம், உதவித்தொகை இல்லாமல் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊரை விட்டுப் போக முடியாது என்றால் தமிழ்நாட்டிலேயே செய்யலாம், ஆனால் கல்வியியல் துறையில் பதிவு செய்துகொண்டு ஒரு தத்துவத் துறையில் தர்க்கம், அறக்கோட்பாடு இரண்டு வகுப்பையாவது அனுமதி கேட்டு உட்கார்ந்து கேளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறைக்கு நீண்ட மரபு உண்டு. விதிகளைப் பொறுத்தவரை 2022 பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஒழுங்குமுறைப்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. எம்.ஃபில். வழி மூடிவிட்டது, 2024-லிருந்து நெட் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் மேலே நான் குறை சொன்ன பட்டியலை நெட்டுக்காக ஒருமுறை நன்றாகப் படித்துவிடுங்கள்.

தத்துவப் பட்டம் இல்லாதது தடை இல்லை. தடையாக இருப்பது வேறு இரண்டு. ஒன்று ஆங்கிலம், அதாவது பேச்சு ஆங்கிலம் அல்ல, ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் எடுத்து, 'இந்த வாக்கியம் முந்தைய வாக்கியத்துக்குக் காரணமா, விளைவா, விதிவிலக்கா' என்று பார்க்கும் படிப்பு. நான் செய்தது, ஒவ்வொரு பத்தியின் வாதத்தையும் தமிழில் என் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதியது. தமிழில் எழுத வரவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், அந்தச் சோதனை என்னை ஏமாற்றியதே இல்லை. இரண்டாவது தடை, நாம் பழகிய எழுத்து. நம் விடைத்தாள்களில் 'அவர் இவ்வாறு கூறுகிறார், இவர் இவ்வாறு கூறுகிறார்' என்று அடுக்கினால் போதும், மறுப்பு எழுதினால் மதிப்பெண் போகுமோ என்று பயம். இங்கே மறுப்புதான் வேலை. டூயி கல்விக்கு வளர்ச்சியைத் தவிர வேறு நோக்கம் இல்லை என்றார். திருடனும் திருட்டில் வளரலாமே என்ற மறுப்பை 1938-ல் அவரே எடுத்து வைத்து, அந்த வளர்ச்சி மேலும் பல திசைகளில் வளர வழி திறக்கிறதா, அடைக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அந்தப் பதில் போதுமா என்று நீங்கள் இரண்டு பக்கம் எழுத வேண்டும். போதாது என்பது என் எண்ணம், எந்த வளர்ச்சி வழி திறக்கிறது என்று முடிவு செய்யவே வேறொரு அளவுகோல் தேவைப்படுகிறது. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

வேலை பற்றிச் சுருக்கமாக. இந்தத் துறைக்கென்று தனிப் பதவி நம் ஊரில் அரிது. கல்வியியல் கல்லூரிகளில் இந்தத் தாளை நடத்தும் உதவிப் பேராசிரியர் பணிக்குப் பொதுவாக ஒரு பாடத்தில் முதுகலையும் எம்.எட்.டும் நெட் அல்லது முனைவர் பட்டமும் சேர்த்துப் பார்ப்பார்கள், தனியார் கல்லூரிகளில் சம்பளம் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். பாடநூல் உருவாக்கம், ஆசிரியர் பயிற்சி, கல்வித் தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் இந்தப் பயிற்சி உள்ளவர்களுக்குத் தேவை இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் 'கல்வித் தத்துவம்' என்று போட்டிருக்காது. உங்களுக்கு ஏற்கெனவே பள்ளி வேலை இருப்பதால் அதை விட்டுவிட்டு முழுநேரமாகப் போக வேண்டாம், பகுதிநேரப் பதிவு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். வகுப்பறையில் இருந்துகொண்டே படிப்பது இந்தத் துறைக்குப் பலமும்கூட, அந்தப் பெண் 'எட்டு வரவே வராது' என்று சொன்னது எந்த நூலகத்திலும் எனக்குக் கிடைத்திருக்காது.

தொடங்க விரும்பினால் மேனோவின் அந்த வடிவியல் பகுதியை எடுங்கள், பத்துப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் வகுப்பில் ஒருமுறை செய்து பாருங்கள். பிள்ளைகள் சொன்னதை அன்றே எழுதி வையுங்கள், மறுநாள் மறந்துவிடும். அதன் பிறகு 'சாக்ரடீஸ் அந்தப் பையனுக்குக் கற்பித்தாரா?' என்ற ஒரே கேள்விக்கு மூன்று பக்கம், ஆம் அல்லது இல்லை என்று ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்த்தரப்பின் மிக வலுவான மறுப்பையும் எழுதி அதற்குப் பதிலும் சொல்லி, தமிழிலேயே எழுதுங்கள். நெறியாளரைப் பார்க்கப் போகும்போது சான்றிதழ் நகல்களோடு அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துப் போங்கள். அவர் அதைப் படித்துவிட்டு உங்களோடு வாதிட ஆரம்பித்தால் அவரிடமே சேருங்கள்.